அக்கா ஆறாக நடித்த வருஷம்

எங்கள் ஊரில் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். யாரும் சொல்லித் தந்ததில்லை. அம்மா செய்தாள், அக்கா செய்தாள், நானும் செய்தேன். ஆம்பளைகள் துண்டை வைத்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் பார்த்தால் ஊரே ஏதோ ரகசியம் பேசுகிறது என்று நினைப்பார். பேச்சு என்னவோ ஆடு காட்டில் மேய்ந்ததாகத்தான் இருக்கும்.

காரணம் தண்ணி. போர் தண்ணி குடித்து வளர்ந்த பிள்ளைக்குப் பால் பல் விழுந்து முளைக்கிற பல் காவியாகத்தான் முளைக்கும். பழுப்பு, சிலருக்குக் கறுப்பு. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அக்கா செங்கல் தூள் வைத்து ஈறில் ரத்தம் வரும் வரைக்கும் தேய்ப்பாள். துப்பிவிட்டுக் கண்ணாடி பார்ப்பாள். மறுநாளும் தேய்ப்பாள்.

வயசானால் அது எலும்பில் இறங்கும். அப்பாவுக்குக் கழுத்து திரும்பாது. பின்னால் இருந்து கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். தெரியாதவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

தண்ணியில் ஃபுளோரைடு இருக்கிறது, குடிக்காதீர் என்று அடிபம்பு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வேறு எதைக் குடிப்பது என்று எழுதவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவோம். அவ்வளவு தண்ணியில் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு வந்து, வீட்டில் போர் தண்ணியைக் குடிப்போம்.

நான் நாலாவது படிக்கும்போது அந்தக் கலைக்குழு எங்கள் ஊருக்கு வந்தது. தருமபுரியில் இருந்து வந்தார்கள். ஒரு வருஷம் இங்கேயே இருந்து, ஊர் ஜனங்களை வைத்தே ஒரு நாடகம் செய்யப்போகிறோம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. நாடகம் என்றால் வேஷம் கட்டுகிறவர்கள் வருவார்கள், விடிய விடிய ஆடுவார்கள், போய்விடுவார்கள். இவர்கள் பூட்டிக் கிடந்த சொசைட்டி கட்டிடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பாய் விரித்தார்கள். தலைவி ஒரு பெண். நரைத்த முடியைக் கிராப் வெட்டியிருந்தார். ஊர் அவருக்கு நாடகத்தம்மா என்று பேர் வைத்தது. கூட வந்த தப்பு மேளம் அடிக்கிறவருக்கு முதுகு வரைக்கும் ஜடை. எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, முதல் நாளே அவரிடம் போனார்.

"ஏங்க சார், பூ எதாச்சும் வாங்கியாரட்டுங்களா?"

"மல்லி கெடைச்சா வாங்கியாங்க" என்றார் அவர், சிரிக்காமல்.

அதற்கப்புறம் மாமா அவரோடுதான் திரிந்தார்.

முதலில் பல மாதம் நாடகமே இல்லை. கடலைக்காய் ஆய்கிற இடத்துக்கு வந்து உட்கார்ந்து அவர்களும் ஆய்ந்தார்கள். பாட்டு கேட்டார்கள். களை எடுக்கும்போது பாடுவது, எழவு வீட்டில் பாடுவது, பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடுவது. கேட்டுவிட்டு அதையே கொஞ்சம் மாற்றி எங்களுக்கே பாடிக் காட்டினார்கள்.

"நம்ம பாட்டை நம்மளுக்கே விக்கறாங்க" என்றார் அப்பா. அப்பா பேசுவது குறைவு. அந்த வருஷம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

தையில் பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகளை வைத்துப் படம் போட்டார்கள். மாசியில் புளி காயப்போடும் களத்தில் சாயங்காலம் பெண்களைக் கூட்டினார்கள். நாடகத்தம்மா எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார். சத்தமாகச் சிரியுங்கள் என்றார். எல்லாக் கையும் வாய்க்குப் போயிற்று.

"வெக்கப்படாதீங்க. கையை எடுங்க."

யாரும் எடுக்கவில்லை.

"உங்க ஊரு பொம்பளைங்களுக்கு வெக்கம் சாஸ்திங்க" என்றார்.

வெக்கம் என்றே இருக்கட்டும் என்று ஊரும் விட்டுவிட்டது.

சித்திரை வெயிலில்தான் முகமூடி செய்தோம். பழைய பேப்பரைக் கிழித்து, மைதாப் பசையில் முக்கி, பானை மேல் ஒட்டிக் காய வைத்து எடுப்பது. வேறு யாரையும் செய்யாதீர்கள், அவரவர் முகத்தைச் செய்யுங்கள் என்றார் நாடகத்தம்மா. ஊரே உட்கார்ந்து செய்தது. மாமா தன் மூக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அம்மா தன் முகத்தில் இல்லாத மூக்குத்தியை வைத்தாள். காய்ந்ததும் வரிசையாகக் களத்துச் சுவரில் சாய்த்து வைத்தோம்.

நாடகத்தம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வரிசையில் நின்றுவிட்டார். எல்லா முகமும் வாயைத் திறந்து சிரித்தது. எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு வெள்ளையில் பல்.

திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் அப்போதும் வாயில் கை வைத்துக்கொண்டுதான் நின்றோம். அவர் சொசைட்டி கட்டிடத்துக்குள் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் களத்தில் யாரையும் கூட்டவில்லை.

மறுநாள் வந்து, "தண்ணியைப் பத்தி நாடகம் போடலாங்களா?" என்று கேட்டார். வெக்கம் என்று சொன்னதற்கு மன்னிக்கச் சொன்னார். அம்மா காப்பித் தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

நாடகம் சின்னது. பம்பு அடித்து அடித்து ஊர் வளைந்து போகிறது. தூரத்தில் ஆறு வருகிறது. ஊர் வரிசையில் நின்று குடத்தை நீட்டுகிறது. ஆறு சிரித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடிப் போய்விடுகிறது. எல்லாரும் முகமூடி போட்டிருப்பார்கள். நீட்டுகிற குடங்களில் ஒன்று என்னுடையது. பிள்ளைகளுக்கு மட்டும் முகமூடி இல்லை, குடத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு எங்கள் அக்கா.

ஊர்ப் பெண்கள் கொடுத்த பழைய நீலச் சேலை, பச்சைச் சேலை எல்லாம் ஒட்டித் தைத்து ஒரு நீளத் துணி செய்திருந்தார்கள். அதைத் தோளில் கட்டிக்கொண்டு அக்கா ஓடி வருவாள். துணி பின்னால் களம் முழுக்க வரும். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயசு. வீட்டில் அவள் உதடு பிரித்துப் பேசமாட்டாள். ஆமாம் என்பதற்கு ஒரு ம், இல்லை என்பதற்கு ஒரு ம். முகமூடியைப் போட்டாள், சிரித்தாள். களத்தில் இருந்த எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு. அடியில் இருந்து ஏறி, உடைந்து, மறுபடி ஏறும். அம்மா புளி தட்டுகிற கட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அந்தச் சத்தம் அக்காவுக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

நாடகத்தின் கடைசிதான் தகராறு. எல்லாரும் முகமூடியைக் கழற்றி, வாயைத் திறந்து, பேசாமல் நிற்க வேண்டும் என்றார் நாடகத்தம்மா. அவ்வளவுதான் நாடகம், அதற்குமேல் வசனம் வேண்டாம் என்றார்.

ஊர் கூடிப் பேசியது. நாடகம் ஏரியூரில் நடக்கப்போகிறது. ஆபீசர்களைக் கூப்பிட்டிருக்கிறது. ஆற்றுத் தண்ணிக்குக் குழாய் கேட்க வேறு வழியும் இல்லை. ஆனால் நாலு ஊர் ஜனம் வரும்.

"பல்லை இளிச்சிக் காட்டிட்டு வந்தா நம்ம பொண்ணுங்களை எவன் கட்டுவான்?" என்று ஒருவர் கேட்டார்.

"இப்ப மட்டும் வரிசையிலயா நிக்கறாங்க?" என்றார் மாமா.

"உனக்கென்னா, பொண்ணா இருக்குது?"

கடைசியில் ஒரு முடிவு செய்தார்கள். கல்யாணம் ஆகி வயசானவர்கள் கழற்றலாம். கல்யாணம் ஆகாதவர்கள் முகமூடியோடு நிற்கலாம். பிள்ளைகள் குடத்தை இறக்கக்கூடாது, நாளைக்கு அதுகளுக்கும் கல்யாணம் உண்டு. நாடகத்தம்மா, உங்கள் நாடகம், உங்கள் இஷ்டம் என்றார்.

அக்காவுக்கு அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டது. மாமா கொண்டுவந்த சம்பந்தம். மாரண்டஹள்ளிப் பக்கம். தக்காளித் தோட்டம், சொந்தக் கிணறு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். கேட்டதற்கெல்லாம் ம் என்றாள். அப்பா உடம்போடு திரும்பித் திரும்பி எல்லாரையும் விசாரித்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

"வாயே தொறக்காத பொண்ணு. இந்தக் காலத்துல எங்கங்க கெடைக்குது?"

மாப்பிள்ளைக்கு அன்றைக்கு ஜலதோஷம். கைக்குட்டையை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். வைகாசியில் வெத்தலை பாக்கு மாற்றினார்கள். கல்யாணம் ஆவணியில். எனக்குப் பட்டுப் பாவாடை என்று முடிவாயிற்று. அரக்குச் சிவப்பு.

நாடகத்தில் நடிக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அக்கா கேட்கவில்லை. அவள் ஏதாவது ஒன்று வேண்டும் என்று நின்றது அது ஒன்றுதான். முகமூடியைக் கழற்ற மாட்டேன் என்று அம்மா தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அதன் பேரில்தான் விட்டார்கள்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரியூரில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு காலி இடம். மத்தியானம் தாண்டி வெயில் சாயும் நேரம். தப்புச் சத்தத்துக்கு ஜனம் சேர்ந்துவிட்டது. முன்னால் நாற்காலி போட்டு ஆபீசர்களை உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். மாமாதான் கூப்பிட்டிருந்தார். நம் பெண் நடிக்கிறதைப் பார்க்கட்டும், முகமூடிதானே என்று. அம்மா மாமாவைப் பார்த்த பார்வையில் மாமா கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளை கையில் அன்றைக்கும் கைக்குட்டை. புழுதி பறந்தது.

நாடகம் நன்றாக வந்தது. பம்பு அடித்தார்கள், வளைந்தார்கள். அப்பா நடிக்காமலே வளைந்தவராக வந்து நின்றார். அக்கா ஓடி வந்தாள். துணி காற்றில் எழும்பி விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் ஜனம் முதலில் சேர்ந்து சிரித்தது, அப்புறம் அடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, ஆறு யார் என்று பக்கத்தில் கேட்டார். சொன்னார்கள். அவர் முகம் மலர்ந்ததை நான் குடத்துக்குப் பக்கவாட்டில் பார்த்தேன்.

தப்பு நின்றது. பெரியவர்கள் முகமூடியைக் கழற்றினார்கள். அம்மா, அப்பா, இன்னும் நாலைந்து பேர். வாயைத் திறந்து நின்றார்கள். அக்கா முகமூடியோடு பின்னால் நின்றாள்.

பெரிய ஆபீசர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. தனக்குத் தோன்றியதைச் சொன்னார்.

"வயசானவங்க. வெத்தலை பாக்குக் கறையும் இப்படித்தானே இருக்கும்?"

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்கிற மாதிரி சிரித்தார்கள். அப்பா திறந்த வாயை மூடினார். அம்மா கை வாய்க்குப் போயிற்று. நாடகத்தம்மா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் துணி இழுபடுகிற சத்தம் கேட்டது.

அக்கா நடந்து வந்தாள். தோளில் கட்டிய சேலையெல்லாம் புழுதியில் இழுத்துக்கொண்டு வந்தது. நாற்காலிகளுக்கு முன்னால் நின்று முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பத்தொம்பது வயசுங்க. வெத்தலை பாக்கு நான் போட்டதே இல்லீங்க."

வாயைத் திறந்தாள். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. கையை உயர்த்தவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

யார் முதலில் குடத்தை இறக்கியது என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் இறக்கினோம். நானும் வாயைத் திறந்தேன். ஒத்திகையில் அது இல்லை.

ஆபீசர் எழுந்து நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்தார்கள். சத்தம் போடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நேராக எங்கள் அம்மாவிடம் வந்தார்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாங்க. மறைச்சிட்டீங்க."

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"எங்க வூட்டுக்கு இது சரிப்படாதுங்க."

அம்மா அதற்கும் ஆமாங்க என்றாள். அவர்கள் போனார்கள். அப்பா உடம்போடு திரும்பி அவர்கள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தரையில் உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள். நீளத் துணி. நாடகத்தம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து மடித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அரக்குச் சிவப்புப் பாவாடை.

குழாய் வந்தது. உடனே இல்லை. நான் எட்டாவதோடு நின்று, ஓசூர் பக்கம் கம்பெனிக்குத் தைக்கப் போன பிறகு வந்தது. நாடகத்தால் வந்ததா, வேறு எதனாலா, எனக்குச் சொல்லத் தெரியாது. கலைக்குழு வருஷம் முடிந்து வேறு ஊருக்குப் போயிற்று. முகமூடிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மழையில் ஊறிப் போயின. அக்காவுக்குச் சில வருஷம் கழித்துக் கல்யாணம் ஆயிற்று, பக்கத்து ஊரில். அவள் இப்போதும் சிரித்தால் கையை மேலே கொண்டுபோவதில்லை. என் மகளுக்குப் பல் வெள்ளை. ஆற்றுத் தண்ணி குடித்து வளர்ந்தவள். அவள் வாயை மூடாமல் சிரிக்கும்போது என் கை என் வாய்க்குப் போகிறது.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று இருக்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே அவருடைய ஒயர் கூடை இருந்தது. கோபத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"ஓடிப்போயி குடுத்துட்டு வா" என்றாள் அம்மா. "ஒண்ணும் பேசாத."

ஓடினேன். அவர்கள் டீக்கடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வெளியே, யாருடையதோ மோட்டார் பைக் பக்கத்தில், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கைக்குட்டை சட்டைப் பைக்குள் இருந்தது. குனிந்து பைக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். உதட்டை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மேல் வரிசை. அப்புறம் கீழ் வரிசை. ரொம்ப நேரம் பார்த்தார்.

நான் கூடையோடு நிற்பது கண்ணாடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. உதட்டை மூடினார். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். திரும்பிக் கூடையை வாங்கினார். ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. கேட்கவில்லை. என் தலையில் லேசாகக் கை வைத்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி கிடைத்துவிட்டது. ஆபீசர் சொன்னது என் காதிலேயே இருந்தது. திரும்பி ஓடி வந்தேன். அம்மா நாடகச் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மாப்பிள்ளை நமக்கு வேணாம்மா. அவரு பாக்கு போடறாரு. பல்லெல்லாம் ஒரே கறை."

அம்மா கை நின்றது.

"பாத்தியா?"

"கண்ணாடியில பாத்தேன். மேலயும் கறை, கீழயும் கறை."

அம்மா டீக்கடைப் பக்கம் பார்த்தாள். இப்போது போய்ச் சொல்வாள், மறைத்தது நீங்களும்தான் என்று சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தேன். அம்மா அக்காவின் முகமூடியை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள். வெள்ளைப் பல்லைத் துடைத்தாள். சாக்கில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அதை யாருகிட்டயும் சொல்லாத பாப்பா. மாமாகிட்டயும் சொல்லாத. அந்தப் புள்ளைக்கும் கல்யாணம் ஆவணும்."

நான் சொல்லவில்லை. பாக்குப் போடுகிறவருக்கு யார்தான் பெண் கொடுக்க மாட்டார்கள், எங்கள் தாத்தாவே பாக்குப் போடுகிறவர்தானே என்று யோசித்துக்கொண்டே, பஸ்ஸில் அம்மா மடியில் ஊர் வரைக்கும் வந்தேன்.